குற்றாலச் சாரல் காற்றில் ரோமுக்குப் போன மிளகு!

ஆனி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியாக ஒரு காற்று உள்ளே நுழையும். குற்றாலத்தில் அதற்குப் பெயர் சாரல். தென்காசி, பாவூர்சத்திரம் தாண்டி ஆலங்குளம் வந்து சேர்வதற்குள், கொண்டுவந்த ஈரத்தில் பெரும்பகுதியை மலையிலேயே இறக்கி வைத்துவிடும். ஆனால், வேகம் மட்டும் குறையாது. ஊரைச் சுற்றி நிற்கும் காற்றாலைகள் மும்முரமாகச் சுற்றும். வாசலில் பீடித்தட்டோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள், இலை பறக்காமலிருக்கச் சுவரோரமாக நகர்ந்துகொள்வார்கள். ராத்திரி அடுப்பில் மிளகு ரசம் கொதிக்கும்.

இந்தக் காற்றுக்கும் அந்த மிளகுக்கும் ஒரு பழைய கதை உண்டு. இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பு, இதே தென்மேற்குக் காற்றுக்காகக் காத்துக் கிடந்த இன்னொரு கூட்டம் இருந்தது. அவர்கள் இருந்தது எகிப்தின் செங்கடல் துறைமுகங்களில். அவர்கள் கொண்டுபோகும் சரக்குக்காகக் காத்திருந்தது ரோம் நகரம்.

காற்றைப் பார்த்துக் கப்பல் ஏறியவர்கள்

ஜூலை மாதம் எகிப்திலிருந்து கப்பல் கிளம்பும். செங்கடலைத் தாண்டியதும் தென்மேற்குப் பருவக்காற்று பாயைப் பிடித்துக்கொள்ளும். அரேபியாவின் தென்முனையிலிருந்து 40 நாளில் சேர நாட்டு முசிறியை எட்டிவிடலாம் என்று எழுதி வைத்திருக்கிறார் ரோமானிய அறிஞர் பிளினி. வந்தவர்கள் சரக்கு ஏற்றிக்கொண்டு, காற்று திசை மாறும் வரை இங்கேயே தங்குவார்கள். மார்கழி வாக்கில் வடகிழக்குக் காற்றைப் பிடித்து ஊர் திரும்புவார்கள். குற்றாலத்தில் சீசன் தொடங்குவதும், ரோமானியக் கப்பல்கள் இந்தியாவை நோக்கிப் பாய் விரித்ததும் ஒரே காற்றின் வேலைதான்.

அகஸ்டஸ் சீசர் காலத்தில், ஒரே ஒரு செங்கடல் துறைமுகத்திலிருந்து மட்டும் வருடத்துக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குக் கிளம்பின என்கிறார் ஸ்ட்ராபோ என்ற புவியியல் அறிஞர். பாண்டிய மன்னர் அகஸ்டஸுக்குத் தூதும் பரிசுகளும் அனுப்பியதாக ஒரு செய்தியையும் அவர் குறித்து வைத்திருக்கிறார்.

நம் பக்கத்திலும் சாட்சி இருக்கிறது. யவனர்களின் கப்பல்கள் முசிறிக்குப் பொன் கொண்டுவந்து, மிளகு ஏற்றிக்கொண்டு போனதை அகநானூற்றின் 149-ஆம் பாட்டு சொல்கிறது. அன்றைக்கு மிளகுக்குத் தமிழில் 'கறி' என்றும் ஒரு பெயர் இருந்தது. பெரிப்ளூஸ் என்ற மாலுமிகளின் கையேட்டில் இன்னொரு தகவலும் உண்டு. மலைக்கு மேற்கே இருந்த நெல்கிண்டா என்ற மிளகுத் துறைமுகம் பாண்டிய மன்னருக்கு உட்பட்டது. அதாவது, அன்றைய பாண்டிய நாடு மலைக்குக் கிழக்கே மட்டும் நின்றுவிடவில்லை.

அடுப்படி இல்லாத வீடுகள்

அத்தனை தூரம் கடந்து போன மிளகு, ரோமில் யார் வீட்டு அடுப்புக்குப் போனது?

ரோம் என்றதும் சினிமாவில் பார்த்த பளிங்கு மாளிகைதான் நினைவுக்கு வரும். ஆனால், நகரத்தில் பெரும்பாலானவர்கள் இருந்தது வாடகை அடுக்குமாடிகளில். தெருவோரக் கட்டடங்கள் 70 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அகஸ்டஸ் சட்டமே போட வேண்டியிருந்தது. அவ்வளவு நெருக்கம், அடிக்கடி தீ விபத்து, அவ்வப்போது கட்டடமும் சரியும். கீழ்த்தளம் காசுள்ளவர்களுக்கு. மாடிப்படி ஏற ஏற வாடகையும் குறையும், வசதியும் குறையும். மேல்மாடியில் தண்ணீர் வராது. தெருக்குழாயில் பிடித்துச் சுமந்துதான் மேலே ஏற்ற வேண்டும். ஒழுங்கான அடுப்படியும் இருக்காது.

அப்படியானால் சாப்பாடு? கடையில்தான். தெருவைப் பார்த்தாற்போல ஒரு கல் மேடை, அதில் பதித்த பெரிய பானைகள், உள்ளே சூடாகச் சாப்பாடு. வாங்கி நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போகலாம். கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்துச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரத்தில் மட்டும் இப்படிச் சுமார் 80 கடைகள் இருந்திருக்கின்றன. 2020 டிசம்பரில் அவற்றில் ஒன்றை முழுசாகத் தோண்டி எடுத்துக் காட்டினார்கள். மேடையில் வாத்து, சேவல் ஓவியங்கள். பானைகளுக்குள் வாத்து, ஆடு, பன்றி, மீன், நத்தை ஆகியவற்றின் மிச்சங்கள். வாசலிலேயே 'இன்றைய ஸ்பெஷல்' படம் வரைந்து வைத்த மாதிரி! சாரல் நேரத்தில் செங்கோட்டை பார்டர் பக்கம் பரோட்டாக் கடை வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

குளியலிலும் ஒரு ஒற்றுமை உண்டு. ரோமானியர்களுக்குச் சோப்புக் குளியல் வழக்கமில்லை. பொதுக் குளியல் கூடத்துக்குப் போய், உடம்பெல்லாம் எண்ணெய் தடவி, வளைந்த உலோகத் தகடால் அழுக்கை வழித்து எடுத்துவிட்டு வெந்நீரிலும் தண்ணீரிலும் இறங்குவார்கள். கட்டணம் சில்லறைக் காசுதான். ஏழையும் பணக்காரரும் ஒரே கூடத்தில் குளிப்பார்கள். வித்தியாசம் எண்ணெய் தேய்ப்பதில் தெரியும். பணக்காரருக்கு அவருடைய அடிமை தேய்த்துவிடுவார். ஏழை தானே தேய்த்துக்கொள்வார். மெயின் அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய் மசாஜுக்குக் காசு கொடுத்து உட்காருபவர்களையும், வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து தானே தலையில் வைத்துக்கொள்பவர்களையும் இங்கே பார்த்தவர்கள் உண்டு.

தக்காளியும் இல்லை, மிளகாயும் இல்லை!

ஆலங்குளம் சந்தையில் இன்று தக்காளி, பச்சை மிளகாய், உருளைக்கிழங்கு இல்லாத கடையே கிடையாது. ஆனால், இந்த மூன்றுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. கொலம்பஸ் அங்கே போய்ச் சேர்ந்தது 1492-ல். அதற்கு முன்பு ரோம் சமையலிலும் இவை இல்லை, பாண்டிய நாட்டுச் சமையலிலும் இல்லை. இத்தாலிக்காரர்களுக்குத் தக்காளி தெரியாது. நமக்கு மிளகாய் வற்றல் தெரியாது. இரண்டு ஊரிலும் காரம் என்றால் முக்கியமாக மிளகுதான்!

அப்பிசியஸ் என்ற பெயரில் ரோமானியச் சமையல் குறிப்பு நூல் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் பெரும்பாலான குறிப்புகளில் மிளகு உண்டு. சில இனிப்புப் பண்டங்களில்கூட மேலே தூவச் சொல்கிறது. இன்னொரு முக்கியமான சேர்மானம், மீனை உப்பில் ஊறப்போட்டு வெயிலில் வைத்து எடுக்கும் 'காரம்' என்ற குழம்புச் சாறு. பெயர்தான் காரம், சுவை உப்பு. அதைத் தயாரிக்கும் இடத்தில் வரும் வாடை, கருவாட்டுச் சந்தைக்குப் போய்ப் பழகியவர்களுக்குப் பரிச்சயமானதாகத்தான் இருந்திருக்கும்.

மிளகின் விலையையும் பிளினி குறித்து வைத்திருக்கிறார். ஒரு ரோமானிய ராத்தல் என்பது இன்றைய கணக்கில் சுமார் 325 கிராம். ஒரு ராத்தல் கருப்பு மிளகு 4 டெனாரியஸ். வெள்ளை மிளகு 7. திப்பிலி 15. டெனாரியஸ் என்பது வெள்ளிக் காசு. அன்றைய சாதாரணச் சிப்பாயின் வருடச் சம்பளம் 225 டெனாரியஸ். அதிலும் சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் பிடித்தம் போகும். கணக்குப் போட்டால், ஒரு ராத்தல் கருப்பு மிளகு வாங்க ஏறத்தாழ ஆறரை நாள் சம்பளம் வேண்டும். தினமும் அள்ளிப் போட முடியாது. ஆனால், ஆசைப்பட்டால் கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம்.

அப்படி ஆசைப்பட்டு வாங்கிய ஒருவரின் பெயர் கூடக் கிடைத்திருக்கிறது. இங்கிலாந்தின் வடகோடியில் விண்டோலாண்டா என்ற ரோமானிய ராணுவ முகாம் இருந்தது. குளிரும் மழையும் பிடுங்கும் எல்லைப்புறம். அங்கே ஈர மண்ணுக்குள் மக்காமல் கிடந்த மெல்லிய மரச்சீவல் கடிதங்களையும் கணக்குகளையும் 1973-லிருந்து எடுத்து வருகிறார்கள். சுமார் 1,900 வருடங்களுக்கு முந்தைய ஒரு கணக்கில், யார் யாருக்கு என்ன கொடுத்தது என்ற பட்டியல் இருக்கிறது. அதில் ஒரு வரி: தாப்போவின் மகன் காம்பாக்ஸ், மிளகு வாங்கிய வகையில் 2 டெனாரியஸ்.

நம் மலைத்தொடரில் காய்த்த மிளகு, கடல் கடந்து, பாலைவனம் கடந்து, இன்னொரு கடலும் கடந்து ஒரு சிப்பாயின் பற்றுக் கணக்கில் போய் நிற்கிறது. கடைக்காரர் நோட்டில் 'தாப்போ மகன் காம்பாக்ஸ், மிளகு' என்று எழுதி வைத்த மாதிரி.

நிச்சயதார்த்தத்துக்கு ரசீதோடு வந்த அம்மணி

குற்றால அருவித் தண்ணீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து கடலுக்குப் போகிறது. அந்தத் தாமிரபரணியின் கழிமுகத்தில்தான் பாண்டியர்களின் முத்துத் துறைமுகமான கொற்கை இருந்தது. கடல் பின்வாங்கிப் போனதால், இன்று அது தூத்துக்குடி மாவட்டத்தில் வயல்களுக்கு நடுவே ஓர் அமைதியான கிராமம்.

ரோமானியப் பெண்களுக்கு முத்து என்றால் உயிர். ரோமில் ஒரு காலத்தில் பெண்களின் நகைக்குச் சட்டமே வரம்பு கட்டியிருந்தது. போர்க்கால நெருக்கடியில், கி.மு. 215-ல், ஒரு பெண் அரை அவுன்ஸுக்கு மேல் தங்கம் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. நம் கணக்கில் சுமார் ஒன்றே முக்கால் பவுன்! போர் முடிந்தும் சட்டம் போகவில்லை. கி.மு. 195-ல் பெண்கள் வீட்டைவிட்டுத் தெருவுக்கு வந்து, வாக்களிக்கப் போகும் ஆண்களை மறித்துக் கேள்வி கேட்டார்கள். அவர்களுக்கு ஓட்டுரிமை கிடையாது. ஆனாலும் விடவில்லை. சட்டம் ரத்தானது.

அதற்குப் பிறகு நிலைமை எங்கே போய் நின்றது என்பதற்கு லோலியா பௌலினா உதாரணம். இவர் கலிகுலா சக்கரவர்த்தியின் மனைவியாக இருந்தவர். ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்கு, தலை, காது, கழுத்து, விரல் என்று எங்கும் முத்தும் மரகதமுமாக வந்து உட்கார்ந்திருந்ததைத் தானே பார்த்ததாகப் பிளினி எழுதுகிறார். மதிப்பு 4 கோடி செஸ்டர்ஸ். 4 செஸ்டர்ஸ் சேர்ந்தது 1 டெனாரியஸ். ஏறக்குறைய 44,000 சிப்பாய்களின் ஒரு வருடச் சம்பளம் ஒரே உடம்பில்! யாராவது சந்தேகப்பட்டால் காட்டுவதற்கு, வாங்கிய கணக்கு ரசீதுகளும் தயாராக இருந்தனவாம். கல்யாண வீட்டில் 'இது எத்தனை பவுன்?' என்று விசாரிக்கும் பழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை.

காசு இப்படிக் கிழக்கே ஓடுவது பிளினிக்குப் பொறுக்கவில்லை. இந்தியா ஒன்றுக்கே வருடந்தோறும் 5 கோடி செஸ்டர்ஸ் போகிறது, அங்கிருந்து வரும் பொருள் இங்கே நூறு மடங்கு விலைக்கு விற்கிறது என்று புலம்பினார். பார்க்கவும் லட்சணமில்லாத, ருசியும் பெரிதாக இல்லாத மிளகை, வெறும் உறைப்புக்காக இந்தியா வரை போய் வாங்குகிறோமே என்பது அவருடைய ஆச்சரியம். அந்தப் புலம்பலில் உண்மை இல்லாமல் இல்லை. கரூர், கோவைப் பக்கங்களில் பானை பானையாகக் கிடைத்த ரோமானியக் காசுகள் அதற்குச் சாட்சி.

ஆனால், அந்த நூறு மடங்கு லாபம் முழுவதும் மிளகு பறித்தவர் கைக்கு வரவில்லை. இந்தியச் சரக்கு எகிப்தில் இறங்கும்போது நான்கில் ஒரு பங்கைச் சுங்கமாக ரோம் அரசே எடுத்துக்கொண்டது. வியன்னாவில் பாதுகாக்கப்படும் ஒரு பாப்பிரஸ் ஆவணம், 2-ஆம் நூற்றாண்டில் முசிறி வியாபாரத்துக்காகப் போட்ட கடன் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறது. அதில் 'ஹெர்மபோலன்' என்ற ஒரு கப்பல் கொண்டுவந்த சரக்கின் மதிப்பு மட்டும் சுமார் 70 லட்சம் செஸ்டர்ஸ். கடன் கொடுத்தவர், கப்பல்காரர், சுங்கக்காரர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் என்று ஒவ்வொரு கையாக மாறி மாறித்தான் விலை நூறு மடங்கானது. சந்தையில் கத்தரிக்காயைக் கொண்டுவந்து இறக்கும் விவசாயிக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

யார் பெயர் மிஞ்சியது?

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மிளகு வாங்கிய காம்பாக்ஸின் பெயர் நமக்குத் தெரிகிறது; அவருடைய அப்பா பெயரும் தெரிகிறது. முத்து போட்ட லோலியாவைத் தெரிகிறது. கப்பலுக்குக்கூடப் பெயர் தெரிகிறது. வெசூவியஸ் சாம்பலில் புதைந்த ஹெர்குலேனியம் ஊரில் கரிந்துபோன ஒரு ரொட்டி கிடைத்தது. அதன் மேல் ஒரு முத்திரை: 'குவிண்டஸ் கிரானியஸ் வேரஸின் அடிமை செலர்.' ஆக, ஒரு ரோமானிய அடிமையின் பெயர்கூட ரொட்டியில் தங்கிவிட்டது.

மலையில் கொடியேறி அந்த மிளகைப் பறித்தவர் பெயர்? தெரியாது. கொற்கையில் மூச்சடக்கி முத்துக் குளித்தவர்களைப் பற்றிப் பெரிப்ளூஸ் சொல்வது ஒரே ஒரு தகவல். அந்த வேலையைச் செய்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகளாம். என்ன குற்றம், எத்தனை வருடம், எத்தனை பேர் மேலே வராமலே போனார்கள் என்று எதுவும் அதில் இல்லை. விருந்தில் முத்துக்கு ரசீது காட்டத் தயாராக இருந்தவரிடம்கூட, அதை எடுத்தவரின் பெயர் எழுதிய ரசீது இருந்திருக்காது.

ஆனாலும், சில பெயர்கள் தப்பித்திருக்கின்றன. அதுவும் நம் ஊரில் இல்லை, எகிப்தில்! செங்கடல் கரையில் குசைர் அல்-கதீம் என்ற பழைய துறைமுகத்தில் தோண்டியபோது, தமிழ் பிராமி எழுத்தில் பெயர் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. ஒன்றில் 'கணன்'. இன்னொன்றில் 'சாதன்'. நம் பக்கம் குலதெய்வமாகக் கும்பிடும் சாத்தாவை நினைவூட்டும் அதே சாத்தன்தான். வேறொரு ஓட்டில் 'பானை உறி' என்று பொருள்படும் எழுத்து. உறியில் கட்டித் தொங்கவிட்ட பானை. இன்னொரு துறைமுகமான பெரெனிகேயில் 'கொற்றபூமான்' என்ற பெயர். அதே பெரெனிகேயில், கோயில் வளாகம் ஒன்றில் புதைத்து வைத்திருந்த இந்தியச் சாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகும் கிடைத்தது. இரண்டாயிரம் வருடத்துக்குப் பிறகும் மிளகு மிளகாகவே இருந்தது!

கணனும் சாத்தனும் கல்வெட்டு வெட்டவில்லை. பானை மாறிப் போகக் கூடாது என்பதற்காகப் பெயரைக் கீறி வைத்தார்கள். அவ்வளவுதான். அந்தச் சாதாரணக் கீறல்தான் இன்று அவர்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி.

பாஸ்புக்கைப் பத்திரப்படுத்துங்கள்

மறுபடியும் ஆலங்குளம் வாசலுக்கு வருவோம். தட்டில் இருக்கும் பீடி இலை எங்கோ வடக்கே ஒரு காட்டில் பறித்தது. புகையிலை இன்னொரு மாநிலத்துச் சரக்கு. சுற்றி முடித்த பீடி எந்த ஊரில், யார் கையில் பற்றும் என்பது சுற்றியவருக்குத் தெரியாது. பற்ற வைப்பவருக்கும் சுற்றியவரைத் தெரியாது. கட்டின் மேல் இருப்பது கம்பெனியின் லேபிள். அந்தக் கூலியில்தான் இந்தப் பக்கம் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் படித்தார்கள், காதில் கம்மல் ஏறியது, கல்யாணம் நடந்தது. முதுகுவலியும் இருமலும் வந்ததும் அந்த வேலையில்தான்.

அந்தப் பெண்களின் பெயர் எழுதப்பட்டிருக்கும் இடம் ஒன்று உண்டு. பீடிக் கடையில் கொடுக்கும் பாஸ்புக். தேதி, இலை எடை, எத்தனை ஆயிரம் பீடி, எவ்வளவு கூலி. கணக்கு முடிந்ததும் அது பரணுக்குப் போகும். அடுத்த வெள்ளையடிப்பில் குப்பைக்குப் போகும்.

விண்டோலாண்டாவில் கிடைத்த கணக்குகளும் குப்பைதான். வேண்டாம் என்று வீசியவைதான் ஈர மண்ணில் தப்பிக் கிடந்தன. இல்லாவிட்டால் காம்பாக்ஸ் என்று ஒருவர் இருந்ததே நமக்குத் தெரியாது. எல்லா ஊர் மண்ணும் அப்படிக் காப்பாற்றித் தராது. அதுவும் ஆலங்குளத்தின் வெயிலில் மர ஓடு, காகிதம் எதுவும் நிற்காது. கரையான் வேறு இருக்கிறது.

அதனால், அடுத்த முறை பரணை ஒழிக்கும்போது, ஆச்சியின் பெயர் போட்ட அந்தப் பழைய பாஸ்புக் கையில் சிக்கினால், குப்பைக் கூடையில் போடாதீர்கள். செல்போனில் ஒரு படமாவது எடுத்து வையுங்கள். பக்கத்திலேயே ஆச்சி இருந்தால் இன்னும் நல்லது. எத்தனை வயதில் தட்டைத் தொட்டார், முதல் கூலி எவ்வளவு, அதில் என்ன வாங்கினார் என்று கேட்டு எழுதி வையுங்கள். இருமலுக்கு இரண்டு மிளகைத் தட்டிப் போட்டு ஒரு டம்ளர் வெந்நீரும் கொடுத்துவிட்டுக் கேட்டால், ஆச்சி நிதானமாகச் சொல்வார்.